ஒரு பெயருக்கு இரண்டு பிள்ளைகள்

மருமகன் வந்து இறங்கிய நாலாம் நாள் அந்தக் கடிதம் வந்தது. காகிதமாக வரவில்லை, மகளின் போனில் வந்தது. கனடாவுக்குப் போய் அவரோடு குடியிருக்க அவள் விசா கேட்டுப் பல மாதம் ஆகியிருந்தது. வளைகுடாவில் அவள் நர்ஸ் வேலை பார்த்த இடத்தில் இருவரும் பழகி, திருப்பரங்குன்றத்தில் தாலி கட்டி, அவர் தன் நாட்டுக்குப் போய் மனுப் போட்டார். இவள் வேலையை விட்டுவிட்டு அவனியாபுரத்தில் என் வீட்டில் வந்து காத்திருந்தாள். மனைவி வர முடியாவிட்டால் நான் வருகிறேன் என்று ஒரு மாத லீவு போட்டுவிட்டு அவர் வந்திருந்தார்.

மகள் கடிதத்தை வாசித்துவிட்டுச் சாதாரணமாகத்தான் சொன்னாள். பழைய பிறப்புச் சான்றிதழில் எழுத்து அழிந்து கிடக்கிறதாம். ரிஜிஸ்தரைப் பார்த்துப் புதிதாக ஒன்று எடுத்து இரண்டு மாதத்துக்குள் அனுப்ப வேண்டுமாம். "கல்லுப்பட்டிப் பக்கம்தானம்மா. ஒரு எட்டுப் போய் வாங்கிட்டு வந்துரலாம்" என்றாள்.

நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கீரையை முறத்தில் போடுவதற்குப் பதில் காம்பைப் போட்டுக்கொண்டே இருந்தேன் போலிருக்கிறது. அவள் சிரித்தாள்.

எங்கள் தெருவில் மருமகனை வேடிக்கை பார்க்க வராத ஆள் இல்லை. ஆறடிக்கு மேல் வளர்ந்த மனிதர் எங்கள் வாசல் நிலையில் தினமும் இரண்டு தடவை தலையை இடித்துக்கொள்வார். அடுத்த வீட்டுக்காரி வாயாடி. "ஏங்க்கா, புருஷன் இங்க, விசா அங்க. இது வர்றதுக்குள்ள ஒங்க மாப்ள தமிழ்ல பாஸாகி ரேஷன் கார்டே வாங்கிருவாரு" என்பாள். அவருக்குப் புரியாவிட்டாலும் கும்பிடுவார். என்னை அத்தை என்று கூப்பிடக் கற்றுக்கொண்டிருந்தார். சாப்பிட்டாச்சா அத்தை என்று காலை, மதியம், சாயங்காலம் மூன்று வேளையும் கேட்பார். அதைத் தவிர வேறு கேட்கத் தெரியாது.

கேட்கத் தெரியாதவர் ஒன்றைக் கேட்டார். உள் அறையின் மூலையில், உயரத்தில், ஒரு பலகையில் தகரப் பெட்டி ஒன்று உண்டு. அதற்கு முன்னால் சின்ன விளக்கு. வெள்ளிக்கிழமை நான் பூ வைத்ததைப் பார்த்துவிட்டு, மகளிடம் யார் என்று கேட்டார். கல்யாணம் ஆகாமல் செத்த பெண்பிள்ளையை எங்கள் பக்கம் கன்னி என்று வீட்டில் வைத்துக் கும்பிடுவோம். பெட்டிக்குள் பாவாடை சட்டையும் கண்ணாடி வளையலும் இருக்கும். வருஷம் ஒரு தரம் புதிதாக வாங்கி வைத்துவிட்டு, பழையதைத் தெருவில் ஒரு சின்னப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுவோம். மகள் இதையெல்லாம் அவருக்கு விளக்கினாள். கடைசியில் அது தன் அத்தை, அப்பாவின் தங்கை என்றாள். அவர் அந்த மூலைக்கு மட்டும் தலையை இடிக்காமல் குனிந்து போய்க் கும்பிட்டார்.

அது அத்தை இல்லை. என் வீட்டுக்காரருக்குத் தங்கையே கிடையாது. அது என் மூத்த மகள்.

இதை இப்போது எழுதும்போது ஒரு வரியாக இருக்கிறது. முப்பது வருஷத்துக்கு மேல் அந்த வரியை நான் யாரிடமும் சொன்னதில்லை.

பெரியவள் கல்லுப்பட்டி ஆஸ்பத்திரியில் தை மாதத்தில் பிறந்தாள். அப்போது நாங்கள் பக்கத்து ஊரில் கூலி வேலை. ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்று, அதற்கு ஒரு சான்றிதழும் வாங்கி வந்தது எங்கள் தெருவில் நான்தான் முதல் ஆள். எனக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் அதைச் சேலைக்கு நடுவில் மடித்து வைத்திருந்தேன். இரண்டு வயது முடிந்து நாலு மாதம். வைகாசி வெயிலில் காய்ச்சல் கண்டது. உள்ளூர் மருந்து கேட்கவில்லை, மதுரைக்குக் கொண்டு போங்கள் என்றார்கள். பஸ்ஸில் போகும்போது என் மடியில் பிள்ளை கனத்தது. தூங்கும் பிள்ளையின் கனம் வேறு, இது வேறு. என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் தெரிந்துவிட்டது.

அழுதால் பஸ்ஸை விட்டு இறக்கிவிடுவார்கள். பிணத்தை எந்தப் பஸ்ஸிலும் ஏற்ற மாட்டார்கள். திருமங்கலத்தில் இறங்கி, ரோட்டைக் கடந்து, எதிர்ப் பஸ்ஸில் ஏறி ஊருக்குத் திரும்பினோம். என் முந்தானையைப் பிள்ளை முகத்தில் போட்டிருந்தேன். ஒரு பெண், பாவம் தூங்குகிறது என்று எழுந்து இடம் கொடுத்தாள். நான் உட்கார்ந்து, ஊர் வருகிற வரைக்கும் பிள்ளையைத் தட்டிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருக்கிறவர்கள் நம்ப வேண்டுமே என்றுதான் தட்ட ஆரம்பித்தேன். பிறகு எதற்குத் தட்டினேன் என்று தெரியாது.

அப்போது எனக்கு ஐந்து மாதம். புரட்டாசியில் இவள் பிறந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மருத்துவச்சி வந்து வீட்டில்தான் எடுத்தாள். எங்கும் எழுதிப் பதியவில்லை. அதே பெயரை வைத்தேன். போன பிள்ளையின் பெயரை வைப்பது எங்கள் பக்கம் நடக்காததில்லை. ஆனால் வைத்துவிட்டு அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட என்னால் முடியவில்லை. கூப்பிட்டால் இரண்டு பேர் திரும்புவது மாதிரி இருக்கும். ஏத்தா என்பேன், பிள்ளே என்பேன். மற்றவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறபோது இவள் ஓடுவாள். இவளுக்குப் பின்னால் நான் ஒரு கணம் பார்ப்பேன்.

வீட்டுக்காரருக்கு அவனியாபுரத்தில் லேத்துப் பட்டறையில் வேலை கிடைத்து இங்கே வந்தோம். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனேன். தலைமையாசிரியர், தேதி தெரியாவிட்டால் குத்துமதிப்பாக நானே போட்டுக்கொள்கிறேன் என்றுதான் சொன்னார். நான் சேலைக்குள் இருந்த அந்தச் சான்றிதழை எடுத்து நீட்டினேன். அவர் வாசித்துவிட்டு இவளை ஏற இறங்கப் பார்த்தார். ஏழு வயது முடிந்துவிட்டதா, இது நாலரை, அஞ்சு மாதிரி இருக்கிறதே என்றார். பிறவியிலேயே குச்சி என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

தேதியைக் குத்துமதிப்பாகப் போட்டிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. தெரிந்தேதான் கொடுத்தேன். வீட்டுக்காரர் எதற்கு இப்படிச் செய்தாய் என்று ஒரே ஒரு தடவை கேட்டார். நான் சான்றிதழை மறுபடி சேலைக்குள் மடித்து வைத்தேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. பெட்டியில் யார் என்று இவள் கேட்டபோது தங்கை என்று சொன்னவர் அவர்தான். அவர் போய் ஏழு வருஷம் ஆகிறது.

இவள் ஒவ்வொரு தை மாதமும் பிறந்தநாளுக்கு மிட்டாய் கொண்டு போனாள். அந்தச் சான்றிதழின் தேதியில்தான் பத்தாவது, நர்ஸ் படிப்பு, பாஸ்போர்ட் எல்லாம். அந்த மாதமே பெட்டிக்குப் பாவாடை எடுக்கக் கடைக்குப் போவேன். எத்தனை வயதுப் பிள்ளைக்கு என்று கடைக்காரப் பெண் கேட்பாள். இரண்டு வயதுக்கு என்பேன். வருஷா வருஷம் அதே பதில்.

கடிதம் வந்த பிறகு, நானே போய் வாங்கி வருகிறேன், நீங்கள் அலைய வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒரு திங்கள்கிழமை கிளம்பினேன். ரிஜிஸ்தரைக் கரையான் அரித்திருக்கக் கூடாதா என்று வழியெல்லாம் நினைத்தேன். திருமங்கலம் தாண்டும்போது எப்போதும் போல் கண்ணை மூடிக்கொண்டேன். தாலுகா ஆபீஸ் வாசலில் இருந்த வேப்பமரத்தடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, உள்ளே போகாமல் திரும்பிவிட்டேன். கிளார்க் லீவு என்று வீட்டில் சொன்னேன். அடுத்த வாரமும் போனேன். கிளார்க் லீவு என்றேன்.

ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். இரண்டாம் தடவை அந்த மரத்தடியில் இருந்தபோது, தாள் கிடைக்காவிட்டால் இவள் போக மாட்டாள் என்று எனக்குத் தோன்றியது. வீட்டில் என்னோடு இருப்பாள். அந்த நினைப்பு இனிப்பாக இருந்தது. ஒருத்தியை வைத்து இன்னொருத்தியைக் கட்டிப்போடப் பார்க்கிறேன் என்று உறைத்தபோது எழுந்து பஸ்ஸுக்கு வந்துவிட்டேன். ஆனாலும் உள்ளே போகவில்லை.

மூன்றாம் வாரம் மருமகன் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "அத்தை, நானும் வாரேன்" என்றார். மகள் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். மூவருமாகப் போனோம்.

ரிஜிஸ்தரை எடுத்த கிளார்க் ஒரு நடுவயதுப் பெண். நல்ல மாதிரி. தூசியைத் தட்டிப் பக்கம் பக்கமாகத் திருப்பினாள். மருமகன் அந்தப் பெரிய நோட்டைப் பிள்ளை போலக் குனிந்து பார்த்தார். கிளார்க் விரலை ஓர் இடத்தில் வைத்து, அப்பா பெயரையும் அம்மா பெயரையும் வாசித்தாள். பெண் குழந்தை என்றாள். பிறகு விரல் ஓரத்துக்குப் போனது. அங்கே சிவப்பு மையில் ஏதோ எழுதியிருந்தது.

"இந்தப் பிள்ள எறந்துருச்சேம்மா" என்றாள்.

மகள் சிரித்துவிட்டாள். "அது நாந்தாங்க்கா. இந்தா நிக்கிறேன்ல."

"ஓரத்துல எழுதியிருக்கே. ரெண்டு வயசு, காய்ச்சல். எறப்பு ரிஜிஸ்தர் நம்பரே போட்டுருக்காரு அந்தக் காலத்து ஆளு. ஒழுங்கா எழுதியிருக்காரு."

"வேற யாருக்கோ எழுத வேண்டியத இதுல எழுதிட்டாங்க போல" என்று சொல்லிக்கொண்டே மகள் என்னைப் பார்த்தாள். என் முகத்தை எங்கே கொண்டு போய் வைப்பது? அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

எங்கள் ஊர் கிராம அதிகாரி ஒரு புள்ளி தவறாமல் எழுதுகிற மனிதர். பிள்ளையைப் புதைத்த மறுநாள் அவர் வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் கேட்டு எழுதிக்கொண்டு போனது எனக்குத் தெரியாமல் இல்லை. மறக்க முடியும் என்று நினைத்திருந்தேன், அவ்வளவுதான்.

பஸ் ஸ்டாண்டை ஒட்டிய டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். காய்ச்சல், பஸ், திருமங்கலம், பெயர், பள்ளிக்கூடம். டீ ஆடை படிந்து கிடந்தது. முடித்த பிறகு மகள் ஒன்று கேட்டாள்.

"அன்னைக்குப் பள்ளிக்கூடத்துக்கு யாரக் கூட்டிட்டுப் போனம்மா?"

பொய் சொல்லியிருக்கலாம். இத்தனை வருஷப் பொய்யில் அதுவும் ஒன்றாகக் கிடந்திருக்கும்.

"அவளத்தான்" என்றேன். "அவ போகணும்னு இருந்துச்சு. நீ நடந்து வந்த."

அவள் எழுந்து பெஞ்சின் அந்தப் பக்கம் இருந்த மருமகனிடம் போனாள். அவருடைய பாஷையில் சொன்னாள். என் வாழ்க்கையில் நடந்ததை எனக்குப் புரியாத பேச்சில் வேறொருவருக்குச் சொல்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் அவள் இரண்டு விரலைக் காட்டியது மட்டும் எனக்கு விளங்கியது. ஒரு விரலை மடக்கினாள். மடக்கிய விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் அவள் கையைப் பிடித்து முழுவதுமாக மூடினார்.

மதுரையில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு வக்கீலைப் பார்த்தோம். அவர் இரண்டு வழி சொன்னார். ஒன்று உள்ளதைச் சொல்வது. இவள் வேறு பிள்ளை, வீட்டில் பிறந்தவள் என்று ஆர்.டி.ஓ.விடம் மனுக் கொடுத்து, விசாரணை நடந்து, புதிதாகப் பிறப்பைப் பதிய வேண்டும். பிறகு பள்ளிக்கூடத்துச் சான்றிதழ், நர்ஸ் சான்றிதழ், பாஸ்போர்ட் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். வருஷக்கணக்கில் இழுக்கும். அதற்குள் விசா மனுவைத் தள்ளிவிட்டாலும் விடலாம்.

இரண்டாவது வழி சுருக்கம். எனக்கு ஒரே பெண்தான், அவள் உயிரோடு இருக்கிறாள், சிவப்பு மையில் இருப்பது தவறுதலாக எழுதியது என்று நான் சத்தியம் செய்து ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். "பெத்த தாய் சொன்னா மறுபேச்சு இல்லம்மா" என்றார் வக்கீல்.

"டைப் அடிங்க. போட்டுத் தாரேன்" என்றேன். மருமகனுக்கு லீவு முடிய ஆறு நாள் இருந்தது. மூன்று நாள் கழித்து வரச் சொன்னார்கள்.

அந்த மூன்று நாளும் வீட்டில் நான் இருந்த இருப்பை என்ன சொல்வது? விளக்கு ஏற்றப் போனால் கை எட்டாத மாதிரி இருந்தது. பலகை அதே உயரத்தில்தான் இருக்கிறது. மத்தியானம் மகள் அயர்ந்து தூங்கும்போது பார்த்தேன். முழங்காலை நெஞ்சோடு மடக்கிக்கொண்டு படுத்திருந்தாள். பெரியவள் அப்படிப் படுப்பாளா, இவளே அப்படியா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. நடுவாசலில் ஏதோ நிழல் ஓடினால் சின்னப் பாவாடை என்று நினைத்தேன். பார்த்தால் கொடியில் மருமகனின் சட்டை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. யாரிடம் கேட்பது? ஒருத்தியை இல்லை என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். இன்னொருத்திக்கு ஏற்கெனவே செய்து முடித்துவிட்டேன்.

மூன்றாம் நாள் வக்கீல் தாளை நீட்டினார். பேனாவைத் திறந்துவிட்டேன். நான் கைநாட்டு வைக்கிற ஆள் இல்லை. சத்துணவில் ஆயா வேலை பார்த்த காலத்தில் பிள்ளைகளோடு பிள்ளையாக எழுத்துப் படித்தவள். எதையும் வாசிக்காமல் போட மாட்டேன். ஆனால் அன்றைக்கு வாசிக்க வேண்டாம் என்று இருந்தது. மகள் தாளை என் கையிலிருந்து வாங்கினாள்.

"நான் வாசிக்கிறேன். கேட்டுட்டுப் போடு."

வாசித்தாள். இன்ன ஊர், இன்ன ஆஸ்பத்திரி, தை மாதத்து அந்தத் தேதி. மேற்படிப் பெண் குழந்தையைத் தவிர எனக்கு வேறு குழந்தை பிறந்ததில்லை என்ற இடத்தில் நின்றாள். திரும்ப முதலிலிருந்து வாயசைத்து வாசித்தாள்.

"இதுல நான் எங்க சார் இருக்கேன்?"

"நீங்கதாம்மா இது. ஒங்களுக்காகத்தான அடிச்சது."

"இது எங்கக்கா சார். இந்த ஆஸ்பத்திரில பொறந்தது அவ. இந்தத் தேதி அவளோடது. வேற பிள்ளையே பொறக்கலன்னு போட்டா, பொறக்காதது நாந்தான்."

அக்கா என்று அவள் வாயில் வந்தது அன்றைக்குத்தான். பெரியவளை இல்லாமல் ஆக்கப் போகிறேன் என்றே மூன்று நாளும் புழுங்கிக்கொண்டிருந்தேன். அந்தத் தாளில் இல்லாமல் போவது இவள் என்று எனக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. அவள் சொல்லித்தான் தெரிந்தது. இதைவிட ஒரு தாய்க்கு வெட்கம் என்ன இருக்கிறது?

வக்கீல், யோசித்துக்கொள்ளுங்கள், நாள் ஆகும் என்றார். அவள் மருமகனிடம் திரும்பிப் பேசினாள். அவர் இரண்டே வார்த்தை சொன்னார்.

"காத்திருக்கேங்கிறாரும்மா" என்றாள். தாளை நாலாக மடித்து வக்கீல் மேஜையில் வைத்துவிட்டாள். "மொத வழியவே எழுதுங்க சார்."

மருமகன் தனியாகத்தான் ஊருக்குத் திரும்பினார். விசா ஆபீஸுக்கு உள்ளதை எழுதி அவகாசம் கேட்டிருக்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை. போகிற அன்றைக்கு அவர் என்னிடம் சாப்பிட்டாச்சா என்று கேட்கவில்லை. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றார். கோபமா, இரக்கமா என்று எனக்கு அந்த முகத்தில் வாசிக்கத் தெரியவில்லை.

மகள் என்னோடு பேசாமல் இல்லை. சோறு போட்டுக் கொடுப்பாள், மாத்திரை எடுத்துத் தருவாள். ஆனால் என்னிடம் எதையாவது கேட்பதற்கு முன்னால் ஒரு கணம் நிற்கிறாள். இன்னும் என்ன வைத்திருக்கிறாள் இவள் என்று பார்க்கிற மாதிரி.

ஆர்.டி.ஓ. விசாரணைக்கு முந்தின வாரம் வக்கீல் மனுவை நிரப்பினார். பிறந்த தேதி என்றார். மகள் என்னைப் பார்த்தாள். பெரியவள் பிறந்த நாள், கிழமை, மணி, வெளியில் எந்தச் சாமி ஊர்வலம் போனது என்பது வரைக்கும் சொல்வேன். இவளுக்கு? புரட்டாசி என்று தெரியும். மகாளய அமாவாசைக்குப் பெரியவளுக்காக ஒரு கிண்ணத்தில் பால்சோறு வைத்தேன். அதை வைத்துவிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. வலி கண்டது. அன்றைக்கே பிறந்தாளா, மறுநாள் விடிந்தா? மழை பெய்தது. மருத்துவச்சி என் கன்னத்தில் தட்டி, இங்கே பார், பிள்ளையைப் பார் என்று கத்தினாள். நான் பார்க்கவில்லை. அந்த மருத்துவச்சியும் இப்போது இல்லை. அந்த இரண்டு நாளையும் எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

இதை மகளிடம் சொன்னேன். இன்னொரு பொய்யை அவளிடம் சேர்க்க மனசு வரவில்லை. அவள் போனில் அந்த வருஷத்து நாளெல்லாம் தேடி, அமாவாசை என்றைக்கு என்று கண்டுபிடித்தாள்.

"அமாவாசை அக்காவோடது. மறுநாள்னு போடுங்க சார்" என்றாள்.

விசாரணையில் அதிகாரி என்னைத்தான் முதலில் கேட்டார். எத்தனை பிள்ளை பெற்றீர்கள் என்றார். இரண்டு என்றேன். அந்தச் சொல்லைச் சபையில் முதல் முறையாகச் சொன்னேன். மனுவில் இருக்கிற தேதியை வாசித்துவிட்டு, நிச்சயமாக அன்றைக்குத்தான் பிறந்தாளா அம்மா என்று கேட்டார். மகள் எனக்கு வலது பக்கம் நின்றிருந்தாள். அவள் மூச்சை நிறுத்தியது எனக்குக் கேட்டது.

"நிச்சயமா அன்னைக்குத்தான் சார்" என்றேன். "நாந்தான பெத்தேன்."

அவர் எழுதிக்கொண்டார். நான் என் பெயரை எழுத்து எழுத்தாகக் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்குத்தானா என்று எனக்குத் தெரியாது. இனி யாரைக் கேட்டும் தெரிந்துகொள்ள முடியாது.